பழைய லினக்ஸை யார் பார்த்துக்கொள்வது? கிளிநொச்சிப் பக்கத்து அனுபவம்

எங்கள் பக்கம் கணினி புத்தம் புதிதாக வந்து இறங்குவது குறைவு. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பழைய மாணவர்கள் காசு சேர்ப்பார்கள். கொழும்பில் ஏதாவது ஓர் அலுவலகம் கழித்த கணினிகளை மொத்தமாக வாங்கி ஏ-9 வீதியால் லொறியில் ஏற்றி அனுப்புவார்கள். பரந்தன், விசுவமடு, அக்கராயன், மல்லாவி என்று சனசமூக நிலையங்களிலும் மாலை வகுப்புகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஓடுபவை பெரும்பாலும் இந்த வகைதான். அவற்றைத் திருத்தி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, பிறகும் வருடக்கணக்கில் பார்த்துக்கொள்வது என் பக்கத்தொழில். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதோடு புதுக்கணினி என்ற பேச்சே அடங்கிப்போனது. இருப்பதை இழுத்துப் பிடிப்பதுதான் வழி.

அதனால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, "அண்ணை, இது பழைய வேர்ஷன்தானே, பரவாயில்லையோ?" என்பது. பழையதாக இருப்பது ஒரு குறையே இல்லை என்பது என் கட்சி. அந்தப் பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க ஆள் இருக்கிறாரா, எந்தத் தேதி வரை இருப்பார், கணினியில் உள்ள எந்தெந்த மென்பொருளுக்கு இருப்பார்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பழையதை நிம்மதியாக ஓட்டலாம். தெரியாவிட்டால் நேற்று ஏற்றியதும் ஆபத்துத்தான். மாசி 135 டிராக்டர் இன்னும் வயலில் நிற்கிறதென்றால் அதற்குப் பாகம் விற்கும் கடை இருப்பதால்தான். மென்பொருளிலும் அந்தக் கடை திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும். இரட்டைப்படை வருடத்தில் ஏப்ரலில் வருவது மட்டுமே நீண்டகால ஆதரவுப் பதிப்பு. பெயருக்குப் பின்னால் எல்.ரி.எஸ். என்று போட்டிருக்கும். அதற்கு 5 வருடம் இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். இடையில் வருபவற்றுக்கு 9 மாதம்தான். தருபவர்கள் நல்லெண்ணத்தில் "ஆகப் புதிசைப் போட்டிருக்கிறம்" என்று இடைப்பதிப்பை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அது லொறி ஏறி, இங்கு வந்து, மேசை செய்து, வயரிங் முடித்து, திறப்புவிழாவும் நடக்கும்போது 9 மாதத்தில் பாதி போய்விடும். காலம் முடிந்த இடைப்பதிப்பின் பொதிகளை (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்களை) வழமையான சேர்வரிலிருந்து எடுத்துப் பழையவற்றுக்கான தனிச் சேர்வருக்கு மாற்றிவிடுவார்கள். பிள்ளைகள் ரைப்பிங் பழக ஒரு சின்ன மென்பொருள் ஏற்றப்போனால் 404, அதாவது கோப்பு அங்கே இல்லை, என்று வரும். வகுப்பு நடத்துபவர் றவுட்டரைக் கழற்றிப் பூட்டுவார், சிம்மை மாற்றுவார், கூரைக்கு மேல் அன்ரனாவைத் திருப்புவார். இணையம் நன்றாக இருக்கும்; பதிப்புத்தான் செத்திருக்கும். அப்டேட் போடும்போது 404 வந்தால் முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள், பிறகு கூரையில் ஏறலாம்.

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் கணக்கு வேறு. ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு பதிப்பு. முதல் 3 வருடம் டெபியனின் பாதுகாப்புக் குழு பார்க்கும். அடுத்த 2 வருடம் எல்.ரி.எஸ். குழு என்று வேறு ஆட்கள் பொறுப்பெடுப்பார்கள். இந்த ஏற்பாடு 2014இல் டெபியன் 6இலிருந்து தொடங்கியது. பிரீஎக்சியன் என்ற பிரெஞ்சு நிறுவனம் பல நிறுவனங்களிடம் காசு திரட்டி, திருத்தம் எழுதுபவர்களுக்குச் செய்த மணித்தியாலத்துக்குக் கொடுக்கிறது. வரும் திருத்தமோ எல்லோருக்கும் பொது. அக்கராயனில் இருக்கும் கணினியும் சதம் கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். திறமூல மென்பொருளை யாரோ நித்திரை முழித்துச் சும்மா திருத்துகிறார்கள் என்று எங்களில் பலர் நினைக்கிறோம். புதிய அம்சம் எழுத ஆசைப்பட்டு ஆள் வரும். ஐந்து வருடத்துக்கு முந்திய நிரலுக்குள் இறங்கி ஓட்டை தேட யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. அந்த வேலைக்குக் கூலி வேண்டும். ஆகவே ஒரு பதிப்பைத் தெரிவுசெய்யும்போது கூலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது நல்லது.

வாக்கும் மாறலாம். சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையின் 8ஆம் பதிப்பை 2029 வரை பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். 2020 டிசம்பரில் திடீரென்று அறிவித்து, 2021 டிசம்பர் 31உடன் நிறுத்தினார்கள். அதற்கு முந்திய சென்ட்ஓஎஸ் 7 மட்டும் 2024 ஜூன் வரை ஓடியது. புதியதை ஏற்றியவர்கள் முதலில் நடுத்தெருவில் நின்றார்கள். ஒரு நிறுவனம் தனியே முடிவெடுக்கக்கூடிய பதிப்பை விட, பலர் சேர்ந்து காசு போட்டுக் காக்கும் பதிப்பிலேயே எனக்கு நம்பிக்கை அதிகம். டெபியனுக்கு நான் சாய்வதற்கு அது ஒரு காரணம்.

இனி, ஆகக் கூடுதலான குழப்பம் வரும் இடம். அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவன் லீவில் எங்களுக்கு உதவிக்கு வந்தான். கெட்டிக்காரன். உபுண்டு 20.04 ஓடிய கணினியில் இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளின் பதிப்பைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணை, இது 1.1.1எஃப். 2020இல வந்தது. அந்த 1.1.1 வரிசையையே 2023 செப்டெம்பரோட நிப்பாட்டிட்டாங்கள். இதை வைச்சுக்கொண்டு எப்பிடி இன்ரநெற்றில விடுறியள்?"

"எழுத்தோட நிக்காதை. அதுக்குப் பின்னால இருக்கிற வாலையும் வாசி."

முழுப் பெயரை எடுத்தால் 1.1.1எஃப் என்பதற்குப் பிறகு ஒரு கோடு, பிறகு 1உபுண்டு2, அதற்குப் பிறகு ஒரு புள்ளி வைத்து இன்னோர் எண். அந்தக் கடைசி எண்தான் விசயம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அது ஏறும். புதிய பதிப்பில் ஓட்டையை அடைத்த வரிகளை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் தைத்துவிடுவார்கள். அம்சம் எதையும் கூட்ட மாட்டார்கள், பெயரையும் மாற்ற மாட்டார்கள். பொதியின் மாற்றக்குறிப்பைத் திறந்து காட்டினேன். சி.வி.இ. என்று தொடங்கும், ஒவ்வோர் ஓட்டைக்கும் பொதுவாகக் கொடுக்கும் எண்கள் தேதி வாரியாக வரிசையாக இருந்தன. ஓப்பன்எஸ்எஸ்எல் காரர்கள் கைவிட்ட தேதிக்குப் பிறகும் திருத்தங்கள் இருந்தன. உபுண்டுக்காரர் தாங்களே எழுதிச் சேர்த்தவை. அவன் கொஞ்ச நேரம் கீழே இழுத்து வாசித்துக்கொண்டு போய், "அப்ப ஓட்டை தேட நான் ஓடவிட்ட ஸ்கேனர் பொய் சொல்லுது" என்றான். பொய் என்று இல்லை. முன் எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனருக்கு வால் தெரியாது. ஒரு கருவி சிவப்பில் காட்டினால், அந்தச் சி.வி.இ. எண்ணை எடுத்து டெபியன் அல்லது உபுண்டுவின் பாதுகாப்புப் பக்கத்தில் தேடுங்கள். உங்கள் பதிப்பின் பெயருக்கு நேரே திருத்தப்பட்டதா இல்லையா என்று எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் புதிய ஓப்பன்எஸ்எஸ்எல்லை மூலநிரலிலிருந்து நீங்களே தொகுத்து மேலே ஏற்றினால், அதன் பிறகு வரும் திருத்தம் எதுவும் தானாக அதற்கு வந்து சேராது. அப்படிக் 'காப்பாற்றிய' கணினிகளைச் சுத்தம் செய்வது பெரிய தலையிடி.

பழைய பதிப்பில் இருந்ததால் தப்பியதும் உண்டு. 2024 மார்ச் 29இல் எக்ஸ்-இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு (கள்ளமாக உள்நுழையும் வழி) வைத்தது வெளிவந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி தாமதிப்பதை அன்ட்ரெஸ் பிராயின்ட் என்ற பொறியியலாளர் கவனித்துத் தோண்டியதால் அகப்பட்டது. டெபியன் 12இல் இருந்தது அதற்கு முந்திய 5.4.1. நிலையான பதிப்பில் இருந்த எவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. சோதனைப் பதிப்பில் இருந்தவர்கள் ஓடித் திரிந்தார்கள். அந்தக் கிழமை எனக்கு மாங்குளத்தில் ஒரு பிரிண்டர் பழுது பார்ப்பதைத் தவிர வேறு அவசர வேலை இருக்கவில்லை.

ஆதரவு இருக்கிறது என்றால் எல்லாவற்றுக்கும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. உபுண்டுவின் 5 வருட உத்தரவாதம் 'மெயின்' என்ற களஞ்சியத்துக்குத்தான். 'யூனிவர்ஸ்' களஞ்சியத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான பொதிகள் தன்னார்வலர்கள் பார்த்தால் உண்டு. உபுண்டு புரோ என்று பதிந்தால் அதற்கும் திருத்தம் வரும், காலமும் 10 வருடமாக நீளும். தனிப்பட்ட பாவனைக்கு 5 கணினி வரை இலவசம். வீட்டுக்குப் போதும். வகுப்பறை நிறையக் கணினி இருக்கும் இடத்தில் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். டெபியனிலும் எல்.ரி.எஸ். காலத்தில் சில பொதிகளைக் கைவிடுவார்கள். உங்கள் கணினியில் அப்படிக் கைவிட்டவை எவை என்று பட்டியலிட 'டெபியன் செக்கியூரிட்டி சப்போர்ட்' என்ற சிறு பொதி இருக்கிறது. நான் ஆதரவில் இருக்கும் பழைய பதிப்பு எதைத் தொட்டாலும் முதலில் அதைத்தான் ஏற்றுவேன்.

காலம் முடிந்தால் என்ன நடக்கும்? அடுத்த நாள் ஒன்றும் நடக்காது. அதுதான் ஆட்களை ஏமாற்றுகிறது. உபுண்டு 16.04இன் இலவச ஆதரவு 2021 ஏப்ரலில் முடிந்தது. "ஓடுதுதானே" என்று பலர் விட்டுவிட்டார்கள். அதே வருடம் செப்டெம்பர் 30இல் இணையத்தளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் சான்றிதழ்கள் சாய்ந்திருந்த பழைய வேர்ச்சான்றிதழ் ஒன்று காலாவதியானது. 16.04இல் இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 வரிசை அந்த மாற்றத்தைச் சரியாகக் கையாளத் தெரியாதது. பயர்பொக்ஸ் பிரவுசர் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே கொண்டுதிரிவதால் இணையப் பக்கங்கள் வழமைபோல் திறந்தன. ஆனால் இரவில் தரவை வெளியே நகலெடுக்கும் சிறு நிரல்கள் பேசாமல் நின்றன. பிரவுசர் திறக்கிறதே, பிறகென்ன என்று யாரும் தேடவில்லை. நகல் கடைசியாக எப்போது போனது என்று தேதி பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். 5 வருடத்துக்குப் பிந்திய நீட்டிப்பு ஆதரவில் இருந்த 16.04 கணினிகளுக்குத் திருத்தம் முன்கூட்டியே வந்திருந்தது.

இதைவிடச் சிக்கலானது உள்ளூரில் எழுதிய மென்பொருள். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் பங்கு, உரக்கடன், நெல்லுக் கொள்வனவு எல்லாம் பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு நிரலில் ஓடின. எழுதிய பொடியன் பிரான்சுக்குப் போய்விட்டான். நிரல் நல்ல நிரல். டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் காபன் தாள் வைத்து ரசீது அடிக்கும், கணக்கு ஒரு சதம் பிசகாது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துடன் பேசுவதற்குப் பழைய கட்டளைகளையே பாவித்திருந்தான். அந்தக் கட்டளைகளை 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 7.0இல் முற்றாக எடுத்துவிட்டார்கள். ஆகவே அது டெபியன் 8இலும் அதிலிருந்த பி.எச்.பி. 5.6இலும் நின்றுவிட்டது. பி.எச்.பி. 5.6க்கு அதை எழுதியவர்களின் ஆதரவு 2018 டிசம்பருடன் முடிந்தது. டெபியன் அதைத் தன் எல்.ரி.எஸ். மூலம் 2020 ஜூன் வரை தூக்கிப் பிடித்தது. அதற்குப் பிறகு காசு கொடுத்தால்தான் திருத்தம் கிடைத்தது.

சங்கத் தலைவருக்கு இதைச் சொல்லப் போனபோது, "தம்பி, ஓடுற மெஷினில ஏன் கை வைக்கிறியள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அறுவடை நேரம், வாசலில் உழவு மெஷின் பெட்டிகள் வரிசையில் நின்றன.

"இப்ப கை வைக்கேல்ல ஐயா. இன்ரநெற் வயரை மட்டும் கழட்டுறன். மிச்சத்தைச் சனம் குறைஞ்ச பிறகு பாப்பம்."

அப்படித்தான் செய்தோம். அந்தக் கணினியை உள் வலையமைப்பில் மட்டும் விட்டோம். தரவுத்தளத்தை ஒவ்வொரு மாலையும் பென்ட்ரைவில் எடுக்க மேசையில் இருக்கும் தங்கச்சிக்குப் பழக்கினோம். பிறகு அதே டெபியன் 8ஐ மென்பொருளாகவே ஓடும் ஒரு மெய்நிகர் கணினியாக இன்னொரு பெட்டிக்குள் வைத்து, பழைய வன்பொருள் படுத்தாலும் நிரல் படுக்காதபடி செய்தோம். ஆறுதலாக இருந்து கட்டளைகளை மைஎஸ்கியூஎல்ஐ என்ற புதிய வகைக்கு ஒவ்வொரு பக்கமாக மாற்றினோம். இயங்குதளத்துக்கு எவ்வளவு நீண்ட ஆதரவு இருந்தாலும், மேலே ஓடும் வீட்டு நிரலுக்கு ஆதரவு அதை எழுதியவர்தான். புதிதாக நிரல் எழுதிக் கேட்பவர்களிடம் இப்போது நான் முதலில் சொல்வது: மூலநிரல் உங்கள் கையில் இருக்க வேண்டும், எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று எழுதி வாங்குங்கள்.

அப்டேட் போடுவதே இங்கே ஒரு தனிக்கலை. டேட்டா அளந்துதான் கிடைக்கும். ஒரே திருத்தத்தை ஒவ்வொரு கணினியும் தனித்தனியே இறக்கினால் மாத டேட்டா இரண்டு நாளில் முடிந்துவிடும். மூலையில் கிடக்கும் பழைய கணினி ஒன்றில் இறக்கிய பொதிகளைச் சேமித்துவைக்கும் ஆப்ட்-கேஷர்-என்ஜியை ஏற்றி மற்றவற்றை அதனூடாக இறக்கச் சொன்னால், ஒரு பொதி வெளியிலிருந்து ஒரு தரம்தான் வரும். நீண்டகால ஆதரவுப் பதிப்பின் அருமை இங்கேதான் தெரியும்: வருவது சிறு சிறு திருத்தங்கள், முழுப் பதிப்பு மாற்றம் அல்ல. இன்னொன்று, தானியங்கி அப்டேட் அதிகாலையில் ஓடும்படி வருகிறது. எங்கள் கணினிகள் அந்த நேரம் நிறுத்திக் கிடக்கும். ஆகவே வகுப்புத் தொடங்கி இயக்கியதும் எல்லாம் சேர்ந்து ஓடும், கணினி இழுபடும், பிள்ளை எதையாவது நிறுவப் போனால் பூட்டைப் பெற முடியவில்லை என்று பிழை காட்டும். நேரத்தை வகுப்பு முடியும் நேரத்துக்கு மாற்றி வையுங்கள். நடுவில் கரண்ட் போனால் பயப்படத் தேவையில்லை. திரும்ப வந்ததும், பொதிகளை நிறுவும் டிபிகேஜியைப் பாதியில் நின்றதைத் தொடரச் சொன்னால் பெரும்பாலும் சரிவந்துவிடும். 2022 பவர்கட் காலத்தில் இந்தக் கட்டளை எனக்குச் சகஸ்ரநாமம் மாதிரிப் பாடமாகியிருந்தது. ஐப்பசி இடிமின்னலுக்கு மட்டும் எந்தக் கட்டளையும் இல்லை, லான் வயரைக் கழற்றி வைப்பதுதான்.

பதிப்பு மாற்றும்போது சனம் பார்ப்பது இரண்டு விசயம்தான்: தமிழ் ரைப் பண்ண வருகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா. ரெங்கநாதன் விசைப்பலகை ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளில் ஒழுங்காக நிற்கிறதா, பழைய கடிதங்களுக்குப் பாமினி எழுத்துரு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவேன். அது இரண்டும் பிழைத்தால் நீங்கள் அடைத்த ஓட்டைகளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம் 32 பிட் என்ற பழைய வகைச் செயலிகளின் சங்கதி. டெபியன் 13, 2025 ஆகஸ்டில் வந்தது. அதில் 32 பிட் கணினிகளுக்கு நிறுவியும் இல்லை, கேர்னல் என்ற மையக்கருவும் இல்லை. பயர்பொக்ஸும் 145ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸ் 32 பிட்டைக் கைவிட்டுவிட்டது. இதைக் கேட்டதும் சிலர் கணினியை இரும்புக்குப் போடப் பார்க்கிறார்கள். பொறுங்கள். கோர் 2 டுவோ செயலி உள்ளவை 64 பிட் கணினிகள். ராம் குறைவென்று யாரோ 32 பிட் பதிப்பை ஏற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். எல்எஸ்சிபியூ கட்டளை இரண்டாம் வரியிலேயே சொல்லிவிடும். எங்கள் பக்கத்தில் 32 பிட் என்று ஒதுக்கிவைத்தவற்றில் பல அப்படி மீண்டன. அட்டம் என்270 போட்ட சின்ன நெற்புக்குகள்தான் உண்மையான 32 பிட். அவை டெபியன் 12உடன் நிற்கும். இணையமில்லாமல் ரைப்பிங் பழகவும் பாமினிக் கடிதங்களை அச்செடுக்கவும் விட்டிருக்கிறேன்.

இப்போது கையில் இருக்கும் வேலை, டெபியன் 11 ஓடும் கணினிகள். அதன் எல்.ரி.எஸ். 2026 ஆகஸ்ட் 31உடன் முடிகிறது. ஆகஸ்ட், செப்டெம்பரில் சிறுபோக அறுவடை. சங்கக் கணினிகளில் அப்போது கை வைக்க முடியாது. ஆகவே மே, ஜூனுக்குள் முடிக்க வேண்டும். 11இலிருந்து நேரே 13க்குப் பாயவும் கூடாது. டெபியனில் ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். முதலில் 12, அதில் தமிழும் பிரிண்டரும் சரியா என்று பார்த்து, 64 பிட் என்றால் பிறகு 13. மாலை வகுப்புக் கணினிகளை ஏப்ரல் விடுமுறையில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதுமா என்று பார்க்கும் வேலை தொடங்கிவிட்டது. இரண்டு கணினிகளில் போதாது.